மூட்டு வீக்கத்துக்கு ரெட் ஒயின் குடிக்கலாமா? ஊத்துறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

போன மாசம் சித்தப்பா வீட்டுக்குப் போனப்போ ஃப்ரிட்ஜ்ல முட்டைக்குப் பக்கத்துல ஒரு ரெட் ஒயின் பாட்டில், பாதி காலி. வாழ்நாள்ல ஒரு பீர் கூட தொடாத மனுஷன். கேட்டா "மூட்டு வீக்கத்துக்கு நல்லதாம்டா, உள்ள இருக்கிற வீக்கமெல்லாம் வத்திடுமாம், ராத்திரி ஒரு டம்ளர்"ங்கிறார். அவருக்கு இருக்கிறது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற முடக்குவாதம், அதுக்கு வாரத்துக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை போடுறார், அந்த மாத்திரைக்கே கல்லீரலை அப்பப்போ டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும், அதுக்கு மேல தினமும் ஆல்கஹால்னா எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அவரை மாதிரி நல்லெண்ணத்துல ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. பிரான்ஸ்ல வெண்ணெயும் சீஸுமா சாப்பிட்டும் ஹார்ட் அட்டாக் கம்மியா இருக்கே, ரெட் ஒயின்தான் காரணமோன்னு 1991ல அமெரிக்க டிவியில '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில சொன்னாங்க, அங்க ஒயின் விற்பனை எகிறிடுச்சு, அடுத்த வருஷம் செர்ஜ் ரெனோங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல கட்டுரையும் எழுதினார். அப்புறம் திராட்சைத் தோல்ல இருக்கிற ரெஸ்வெரட்ரால்னு ஒரு பொருளைப் பிடிச்சுக்கிட்டாங்க. லேப்ல செல்லு மேலயும் எலி மேலயும் அது வீக்கத்தைக் குறைக்குது, உண்மைதான். ஆனா ஒரு லிட்டர் ரெட் ஒயின்ல அது சில மில்லிகிராம்தான் இருக்கும், ஒரு கிளாஸ்ல எவ்வளவு வரும்னு நீங்களே பாருங்க.

இத்தாலியில கியான்டின்னு ஒயினுக்கே பேர் போன ஊர்ப்பக்கம், அங்க 65 வயசுக்கு மேற்பட்ட 783 பேரோட யூரின்ல ரெஸ்வெரட்ரால் அளவை எடுத்து 9 வருஷம் பின்தொடர்ந்தாங்க, 2014ல ரிசல்ட் வந்துச்சு. அதிகமா இருந்தவங்களுக்கும் கம்மியா இருந்தவங்களுக்கும் அழற்சி (அதான் உள் வீக்கம்) அளவுலயோ இதய நோய்லயோ கேன்சர்லயோ சாவுலயோ வித்தியாசமே இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த ஒண்ணு போதும்.

"அளவா குடிக்கிறவங்களுக்கு சிஆர்பி கம்மியா இருக்காமே"ன்னு கேப்பீங்க. சிஆர்பிங்கிறது உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம். ஆமா, சில ஆய்வுல குடிக்காதவங்களை விடவும் மொடாக்குடியர்களை விடவும் அவங்களுக்கு கம்மியா வந்திருக்கு. ஆனா குடிக்காதவங்க லிஸ்ட்ல, உடம்புக்கு முடியாம போய் குடியை விட்டவங்களும் சேர்ந்திருப்பாங்க, அளவா குடிக்கிறவங்க பெரும்பாலும் காசும் வசதியும் உள்ளவங்க, நல்லா சாப்பிட்டு நடந்துட்டு இருக்கிறவங்க, அதனால பெருமை ஒயினுக்குப் போயிடுது. குடலுக்குள்ள நடக்கிறதோ வேற கதை. ஆல்கஹால் குடல் சுவரோட இறுக்கத்தைத் தளர்த்துது, அங்க இருக்கிற பாக்டீரியாவோட நச்சு கசிஞ்சு ரத்தம் வழியா கல்லீரலுக்குப் போகுது, அங்க இருக்கிற காவல் செல்லுங்க அதைப் பார்த்து உசுப்பேறி வீக்கத்துக்கான சிக்னலை விடுது. அளவு கூடக் கூட இதுவும் கூடும். ஆல்கஹால் கேன்சர் உண்டாக்கும்னு 1988லயே வகைப்படுத்திட்டாங்க, பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கிடையாதுன்னு உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. அதனால இப்போ குடிக்காதவங்க உடம்புக்கு நல்லதுன்னு புதுசா ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஏற்கனவே குடிக்கிறவங்களுக்கு இனிமே சொல்றது.

மாத்திரை டப்பாவை எடுத்து வச்சுப் பாருங்க. மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாம இருக்கப் போடுற வார்ஃபரின், தூக்க மாத்திரை, இன்சுலின் இல்ல சர்க்கரை மாத்திரை, வலிக்கு டைக்ளோஃபெனாக் ஐபுப்ரோஃபென் இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம ஒரு மடக்கு கூட வேண்டாம். கர்ப்பமா இருந்தா, ஃபேட்டி லிவரோ (கல்லீரல்ல கொழுப்பு) கௌட்டோ (யூரிக் ஆசிட் மூட்டுவலி) இருந்தா வேண்டவே வேண்டாம். ஒயின்ல கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிற சல்ஃபைட் இருக்கும், சில ஆஸ்துமாக்காரங்களுக்கு இழுப்பைக் கிளப்பி விடும். தினமும் நிறைய குடிச்சிட்டு இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க, கை நடுக்கம் வலிப்பு வரைக்கும் போகலாம், டாக்டர் துணையோட குறைக்கணும்.

அடுத்து அளவு, பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இங்கதான். சித்தப்பா சொன்ன 'ஒரு டம்ளர்' வீட்டு ஸ்டீல் டம்ளர், தண்ணி ஊத்தி அளந்து பார்த்தேன், 250 மில்லி பிடிக்குது. 13 சதவீத ஒயின்ல அது 25 கிராம் ஆல்கஹால், அமெரிக்கக் கணக்குல ஒரு டிரிங்க்னா 14 கிராம்தான், அதாவது சுமார் 150 மில்லி. நீங்க என்ன பண்ணுங்க, மருந்து பாட்டிலோட வர்ற அளவு கப்போ குழந்தை பால் பாட்டிலோ எடுத்து 150 மில்லி தண்ணியை உங்க கிளாஸ்ல ஊத்தி, அந்த மட்டத்துல வெளிய ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிடுங்க. பெரிய ஒயின் கிளாஸ்ல அது அடியில கொஞ்சூண்டா தெரியும், இவ்வளவுதானான்னு இருக்கும், அவ்வளவுதான். ஒரு பாட்டில்ல இந்த மாதிரி அஞ்சு கிளாஸ் வரணும், மூணுல முடிஞ்சா கை தாராளம்னு அர்த்தம்.

வாரத்துக்கு எவ்வளவுன்னா நாட்டுக்கு நாடு வேற, பிரிட்டன்ல 14 யூனிட் (ஒரு யூனிட்னா 8 கிராம் ஆல்கஹால்), அது இந்த கிளாஸ்ல ஏழுக்கு மேல, கனடாவுல 2023ல வந்த வழிகாட்டுதல்ல வாரம் ரெண்டே டிரிங்க்தான் குறைஞ்ச ஆபத்துன்னு இருக்கு. நான் கனடா பக்கம். ஏழு நாளுக்கானதைச் சேர்த்து சனிக்கிழமை ஒரே மூச்சுல அடிக்கிறது மட்டும் கூடவே கூடாது. வெறும் வயித்துல வேண்டாம், சாப்பாட்டோட குடிங்க, படுக்கப் போற நேரத்துல வேண்டாம், தூக்கம் பாதியில கலையும்.

வீக்கம் குறையுதான்னு பார்க்கணும்னா ஹெச்எஸ்-சிஆர்பி (சிஆர்பியை நுணுக்கமா அளக்கிற ரத்த டெஸ்ட்) எடுங்க. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு கீழ நல்லது, 3க்கு மேல அதிகம், சளி காய்ச்சல் நேரத்துல எடுத்தா கண்டபடி ஏறிக் காட்டும். நாலு வாரம் குடிக்காம இருந்து திரும்ப எடுங்க, கூடவே கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி டெஸ்ட்டும் பாருங்க. எடை, சிகரெட், ஈறு நோய் எல்லாமே சிஆர்பியை ஏத்தும், அதனால ஒரே ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க.

திராட்சை நல்லதுதானேங்கிறவங்க திராட்சையையே சாப்பிடுங்க, கம்பம் பன்னீர் திராட்சையைத் தோலோட மென்னு சாப்பிடுங்க, சுகர் இருந்தா அளவா. ஸ்பெயின்ல 67 ஆம்பளைங்களுக்கு ஆல்கஹாலை நீக்கின ரெட் ஒயின் கொடுத்துப் பார்த்ததுல ரத்த அழுத்தம் குறைஞ்சது அதுலதான், ஜின்ல குறையல.

டாக்டர் "குடிப்பீங்களா"ன்னு கேட்டா மில்லி கணக்குல சொல்லுங்க. சித்தப்பா ஒவ்வொரு செக்கப்லயும் இல்லைன்னுதான் சொல்லியிருக்கார், பொய் சொல்லல, அவர் மனசுல அது மருந்து. போன வாரம் நான் பாட்டில் லேபிளை போட்டோ எடுத்துட்டுக் கூடவே போனேன், டாக்டர் பார்த்ததும் ஒயினை அன்னிக்கே நிறுத்தச் சொல்லி லிவர் டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டார்.