பல டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரிலும் கோவையிலும் ஐ.டி. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கல்லூரியில் ஒரே ஒரு டேட்டாபேஸ் வைத்துப் படித்திருப்பார்கள். வேலைக்கு வந்ததும் பல்லடத்தில் மில், பெருந்துறையில் சாயப்பட்டறை, திருப்பூரில் தலைமை அலுவலகம் என்று சிதறிக் கிடக்கும் சர்வர்கள் அத்தனையும் அவர்கள் தலையில் வந்து விழும். எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில் இவர்களும் விழுகிறார்கள். பேக்கப்பே எடுக்காதது, யூபிஎஸ் இல்லாமல் சர்வரை ஓட்டுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தவறு என்று அவர்களுக்கே தெரியும்.

எத்தனை சர்வர் இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பது

"எத்தனை சர்வருங்க தம்பி பார்த்துக்கறீங்க?" என்று கேட்டால் உடனே ஒரு எண் வரும். அந்த எண் பெரும்பாலும் தப்பாக இருக்கும். தனக்கு லாகின் இருக்கும் சர்வர்களை மட்டும்தான் எண்ணிச் சொல்வார்கள். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு இதுதான்.

நம் பக்கத்து நிறுவனங்கள் வளர்ந்த விதம் அப்படி. நிட்டிங், டையிங், பிரிண்டிங், கார்மென்ட் என்று யூனிட் யூனிட்டாகச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் கிடைத்த சாஃப்ட்வேரை வாங்கினார்கள். சாஃப்ட்வேர் போட வந்தவர் கூடவே எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸையும் (மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் சர்வரின் சிறிய பதிப்பு) போட்டுவிட்டுப் போனார். அது இலவசம் என்பதால் பில்லில் வரவில்லை. பில்லில் வராததால் ஐ.டி.க்கும் தெரியவில்லை.

ஒரு சாயப்பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். லேபில் மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரில்தான் கலர் ரெசிபிகளும் லாட் விவரங்களும் இருந்தன. ஒரு நாள் இரவு ஷிஃப்டில் புது லாட்டைப் பதிய முடியவில்லை. தலைமை அலுவலகத்துப் பையனுக்குப் போன் போனது. அவன் அந்த மெஷினைப் பார்த்ததே இல்லை. இடம் போதவில்லை என்று பிழைச்செய்தி வந்ததால், ரிமோட்டில் நுழைந்து தேவையில்லாத ஃபைல்களை அழித்துக்கொண்டே இருந்தான். டிஸ்க்கில் இடம் ஏராளமாக இருந்தும் பிழை போகவில்லை.

அந்த எக்ஸ்பிரஸ் எடிஷனில் ஒரு டேட்டாபேஸின் டேட்டா ஃபைல்கள் மொத்தம் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. 2008 ஆர்2 தொடங்கி 2022 வரை அதுதான் வரம்பு. 2025 பதிப்பில்தான் 50 ஜிபி ஆக்கினார்கள். யாரும் துடைக்காத ஒரு லாக் டேபிள் வருடக்கணக்கில் சேர்ந்து அந்த 10 ஜிபியை அடைத்திருந்தது. பழைய பதிவுகளை நீக்கினால் தீர்ந்துவிடும். ஆனால் நீக்குவதற்கு முன் பேக்கப் வேண்டுமே? குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது என்பதால், பேக்கப் எடுக்க விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் யாரோ ஒரு ஸ்கிரிப்ட் போட்டு வைத்திருந்தார்கள். அந்த விண்டோஸ் லாகினின் பாஸ்வேர்டை எப்போதோ மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அது ஓடவே இல்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தெரிந்தவர் சாஃப்ட்வேர் போட்டவர் மட்டும்தான். அவரும் அந்த வேலையை விட்டுப் போயிருந்தார். விடியும்வரை டையிங் மாஸ்டர் ரெசிபியைக் காகிதத்தில் எழுதி ஓட்டினார். ஷேடு தப்பிய துணியை மறுபடியும் டையிங்குக்குப் போட வேண்டி வந்தது. தண்ணீர், கெமிக்கல், நேரம் எல்லாம் இரண்டு மடங்கு.

மறுநாள் விசாரித்தபோது லேப் பொறுப்பாளர் சொன்னார்: "அது பாட்டுக்கு ஓடீட்டு இருந்துச்சுங்க. யாரும் கேக்கலீங்களே." அவர் மேல் தவறே இல்லை. கேட்க வேண்டியது ஐ.டி.யின் வேலை.

உலகமே இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 2003 ஜனவரி 25 அன்று எஸ்க்யூஎல் சர்வர்களைத் தாக்கிய ஸ்லாம்மர் வார்ம் (நெட்வொர்க்கில் தானாகப் பரவும் தீய புரோகிராம்), ஓட்டை இருந்த மெஷின்களில் சுமார் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே கொடுத்திருந்தது. பேட்ச் போடாதவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல. எக்ஸ்பிரஸுக்கு முன்னோடியான எம்எஸ்டிஇ, வேறு சாஃப்ட்வேர்களோடு ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நெட்வொர்க்கில் எந்த மெஷினில் எந்த இணைப்பு எண் (போர்ட்) திறந்திருக்கிறது என்று தேடும் போர்ட் ஸ்கேன் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். 1433, 3306, 5432 ஆகிய போர்ட்களைத் தேடினால் எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாம் ஓரளவு சிக்கும். ஆனால் எக்ஸ்பிரஸ் போடும்போதே, வெளி மெஷின்கள் பேசுவதற்கான அதன் டிசிபி இணைப்பு அணைந்துதான் இருக்கும். அதே மெஷினில் உள்ள சாஃப்ட்வேரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் எக்ஸ்பிரஸ், ஸ்கேனில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு விண்டோஸ் மெஷினிலும் என்னென்ன சர்வீஸ் ஓடுகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும். அப்புறம் அக்கவுண்ட்ஸில் போய் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு) பில்களைக் கேட்டு வாங்குங்கள். பணம் போகும் ஒவ்வொரு சாஃப்ட்வேரின் டேட்டாவும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விசாரியுங்கள். கடைசியாக, யூனிட்டுகளுக்கு நேரில் போங்கள். லேப், எடைமேடை, ஸ்டோர்ஸ், டைம் ஆபீஸ் இந்த நாலு இடங்களையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பட்டியலில் மெஷின் பெயர், வெர்ஷன் மட்டும் இருந்தால் பயனில்லை. எந்த எடிஷன், டேட்டா எவ்வளவு வேகத்தில் வளர்கிறது, நின்றால் எந்த வேலை நிற்கும், யூனிட்டில் யாரைக் கேட்க வேண்டும், பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து (டேட்டாவை மீட்டு) பார்த்தோம் என்பதெல்லாம் வேண்டும். அந்தப் பட்டியலின் நகல் ஒன்று சர்வர்களுக்கு வெளியேயும் இருக்க வேண்டும். புது சாஃப்ட்வேருக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போடும் முன் ஐ.டி. கையெழுத்து வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பட்டியல் ஒரே வருடத்தில் பழசாகிவிடும்.

பேக்கப் தோற்றால் மெயில் வரும் என்று நம்புவது

2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6; பேக்கப் எடுத்த கருவியோ 9.2. வெர்ஷன் ஒத்துப்போகாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொன்ன மெயில்களை மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது.

அதனால் தோல்வி மெயிலுக்குக் காத்திருக்காதீர்கள். 'இன்று வெற்றி' என்ற தகவல் எந்தச் சர்வரிடமிருந்து வரவில்லையோ, அதைத் தேடிப் போங்கள். மாதம் ஒரு சர்வரையாவது வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, யூனிட்டில் உள்ளவரிடமே நேற்றைய லாட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று பார்க்காமல் ஓட்டுவது

அதே கிட்லேப் சம்பவத்தின் தொடக்கமே இதுதான். துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார் ஒரு பொறியாளர். எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ சாஃப்ட்வேரில் இணைப்புக்கு இணைப்பு நிறம் வைக்கலாம். நிஜ சர்வர்களுக்குச் சிவப்பு வையுங்கள். ஆபத்தான ஸ்கிரிப்ட் என்றால், சர்வர் பெயர் வேறாக இருந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடும்படி எழுதுங்கள்.

எல்லா பேக்கப்பையும் இரவு 12 மணிக்கு வைப்பது

பாடப் புத்தகத்தில் இரவு என்றால் வேலை இல்லாத நேரம். நம் ஊர் ஸ்பின்னிங் மில்லில் அது முழு ஷிஃப்ட். எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் ஒரே லைனில் பேக்கப்பைத் தள்ளினால் இரவு ஷிஃப்டின் பதிவுகள் திணறும். யூனிட் வாரியாக லோடு குறையும் நேரத்தைக் கவனித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி வையுங்கள்.

எல்லா சர்வருக்கும் ஒரே நிர்வாகி பாஸ்வேர்டு

ஒன்று கசிந்தால் அத்தனையும் போச்சு.

ஐ.பி. முகவரியை சாஃப்ட்வேருக்குள் எழுதுவது

பெயர் கொடுங்கள். சர்வர் மாறும் நாளில், பெயரை ஐ.பி. முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

காலாவதியான வெர்ஷனை அப்படியே விடுவது

மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்கு 2024 ஜூலை 9; 2016-க்கு 2026 ஜூலை 14. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருடம். "எங்க சாஃப்ட்வேர் புது வெர்ஷன்ல ஓடாதுங்க" என்று வென்டர் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெர்ஷனை மாற்றும்வரை அந்த மெஷினைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள். பட்டியலில் அதன் பக்கத்தில், எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்பதையும் யார் மாற்றப் போகிறார் என்பதையும் எழுதுங்கள்.