சின்ன கம்பெனிக்கு மனித உரிமைக் கொள்கை எழுதுவது எப்படி?

மணலியில் பட்டறை, மாதவரத்தில் குடோன் என்று தொழில் செய்பவர்களிடம் இப்போது பெரிய கம்பெனிகள் ஆர்டர் தருவதற்கு முன் மனித உரிமைக் கொள்கை, அதாவது வேலை செய்பவர்களின் உரிமைகளை எப்படி மதிப்போம் என்று எழுதித் தரும் உறுதி, கேட்கின்றன. பலர் இணையத்தில் ஒன்றை இறக்கி, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் இடத்தில் யாருக்கு என்ன ஆபத்து என்று பார்க்காமல் எழுதினால் அது யாரையும் காப்பாற்றாது.

முதலில் ஆட்களைப் பட்டியல் போடுங்கள். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் உள்ளவர்கள் மட்டும் போதாது. கான்ட்ராக்டர் அனுப்பும் லோடுமேன், வாட்ச்மேன், பெருக்கித் துடைக்கும் அக்கா, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்டிலேயே தங்கியிருப்பவர்கள், எல்லாரும் வரவேண்டும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் கூப்பிடுகிறீர்களே, அவர்களும்தான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இடையில் ஆள் வைத்துச் செய்தாலும் குற்றம்தான்.

அடுத்து, அவர்களிடம் பேசுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவரவர் மொழியில் பேச ஆள் வேண்டும். 1918-லேயே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்ட வட்டாரம் இது, பயமில்லாமல் கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள். கூலியில் என்ன பிடிக்கிறார்கள்? பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? அசல் ஆதார் யார் கையில் இருக்கிறது? கான்ட்ராக்டரின் டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டு ஆதார் அட்டைகள் கட்டாகக் கிடந்தால், ஊருக்குப் போக நினைப்பவர் அவரைக் கெஞ்ச வேண்டும். கட்டாய உழைப்புக்கு அது முக்கியமான அடையாளம்.

சரி, இனி எழுதலாம். இரண்டு பக்கம் போதும். 2011-இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்ற, தொழில் நிறுவனங்களுக்கான வழிகாட்டும் நெறிகளின்படி, கொள்கைக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும், ஊழியர்களும் சப்ளையர்களும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். "மனித உரிமைகளை மதிக்கிறோம்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நாங்களோ எங்கள் கான்ட்ராக்டரோ யாருடைய அசல் ஆவணத்தையும் வாங்கி வைக்க மாட்டோம்" என்று எழுதுங்கள்.

புகாருக்கு வழி வையுங்கள். கேமராவுக்குக் கீழே பெட்டி மாட்டினால் யார் போடுவார்கள்? ஒரு போன் நம்பரும் அதை எடுப்பவர் பெயரும் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கப் பெண் தலைமையில் உள்ளகக் குழு சட்டப்படி கட்டாயம்.

அப்புறம், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கேட்டருகே ஒட்டி, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கான்ட்ராக்டர் ஒப்பந்தத்திலும் இதே வரிகளைச் சேர்த்து, மீறினால் பில் நிற்கும் என்று எழுதுங்கள். அப்படி நிறுத்தும் மாதத்தில் ஆட்களின் கூலியை மட்டும் நீங்களே நேராகக் கொடுத்துவிடுங்கள்.