கோர்ட் விதித்த சமூக சேவையை ஆன்லைனில் முடிப்பது எப்படி? அமெரிக்காவில் வசிக்கும் சிறார்களுக்கும் பெற்றோருக்கும்

அமெரிக்கச் சிறார் நீதிமன்றம் பிள்ளைக்கு 40 மணி நேரச் சமூக சேவை விதித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் தேடுவதற்கு முன் கோர்ட் ஆணையை வரி வரியாகப் படியுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், கடைசித் தேதி எது, எந்த மாதிரி அமைப்பில் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். குறிப்பிட்ட இடத்தின் பெயரோ 'நேரில்' என்ற சொல்லோ இருந்தால் ஆன்லைனில் செய்ய முடியாது. வேண்டுமானால் வக்கீல் மூலம் ஆணையைத் திருத்தக் கேட்கலாம். ஆணையில் ஆன்லைன் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த விதிகள் கவுன்டிக்குக் கவுன்டி, ஜட்ஜுக்கு ஜட்ஜ் மாறும். பக்கத்து ஊர்ப் பையனுக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் செல்லும் என்று நம்பி இறங்காதீர்கள்.

அடுத்து, புரொபேஷன் ஆபீசருக்கு (நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரி) ஒரு மின்னஞ்சல். வழக்கு எண், அமைப்பின் பெயர், செய்யப்போகும் வேலை, நேரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள், யார் கையெழுத்திடுவார்கள் என்று ஐந்தாறு வரி போதும். போனில் 'சரி' என்றால் அதையே எழுத்திலும் கேட்டு வாங்குங்கள். ஆபீசர் இடையில் மாறினால், புதிதாக வருபவருக்கு அந்தப் பழைய பேச்சு தெரியாது. அனுமதிக்கு முன் செய்த மணிகளைக் கணக்கில் சேர்க்க மறுப்பதும் உண்டு.

பணம் கட்டினால் பாடங்களைப் படிக்கவைத்துச் சான்றிதழ் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பாடம் படிப்பதால் ஊருக்கு எந்தச் சேவையும் நடக்கவில்லை என்று பல நீதிமன்றங்கள் அவற்றை ஏற்பதில்லை. பணமும் போய், கடைசித் தேதியும் நெருங்கிய பிறகுதான் இது தெரியவரும். எந்த அமைப்பானாலும் அதன் 9 இலக்க வரி அடையாள எண்ணை (இஐஎன்) கேட்டு வாங்கி, அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு என்ற தகுதி இருக்கிறதா என்று பாருங்கள், இலவசம்தான். ஆனால் அந்தத் தகுதி மட்டும் போதாது, ஆபீசரின் ஒப்புதலும் வேண்டும்.

கேட்டுப் பார்க்கத் தகுந்த வேலைகள் சில உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2018இல் தொடங்கிய 'பை தி பீப்பிள்' திட்டத்தில் பழைய கடிதங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யலாம். பிழையான எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், வரி முறிவுகளை அப்படியே வைத்துத் தட்ட வேண்டும். புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி இட வேண்டும். கூட்டெழுத்தில் (கர்சிவ்) எழுதிய கடிதம் இந்தக் காலப் பிள்ளைகளுக்கு ஓடாது. அச்சான பக்கங்களிலிருந்து தொடங்கட்டும். தன்னார்வலர்கள் அறிவியல் ஆய்வுக்கு உதவும் ஜூனிவர்ஸ் (Zooniverse) தளத்தில் விலங்குப் படங்களையும் வானியல் படங்களையும் வகைப்படுத்தலாம். இரண்டிலும் உள்நுழையாமலே வேலை செய்ய முடிவதுதான் ஆபத்து: அப்படிச் செய்தது உங்கள் கணக்கில் ஏறாது. ஒவ்வொரு முறையும் மேல் மூலையில் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

உள்ளூர்க் கோவிலும் தமிழ்ப் பள்ளியும்கூட 501(சி)(3) அமைப்பாக இருக்கலாம். பாடத் தாள்களைத் தட்டச்சு செய்வது, காணொளிக்கு வசன வரி போடுவது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கலாம். அப்பாவோ சித்தியோ அங்கே நிர்வாகக் குழுவில் இருந்தால் அவர்கள் கையெழுத்திடக் கூடாது. அந்த உறவை ஆபீசரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. குற்றம் என்ன என்று அமைப்புக்கு விளக்க வேண்டியதில்லை. 'கோர்ட் விதித்த மணிகள், கடிதம் தேவைப்படும்' என்றால் போதும்.

ஆன்லைன் வேலையில் ஆள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. அதனால் பதிவேடுதான் சாட்சி. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை, எத்தனை பக்கம் அல்லது படம் என்று அன்றன்றே எழுதுங்கள். உதாரணம்: 'மார்ச் 8, மாலை 4:10 முதல் 5:40 வரை, 6 பக்கம் தட்டச்சு, 1.5 மணி.' தளத்தின் கணக்குப் பக்கத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் படமெடுத்து வையுங்கள். ஒரே நாளில் 11 மணி நேரம் என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வரும். பள்ளியின் சேவை மணியாகக் காட்டியதை இங்கேயும் காட்ட வேண்டாம். பிள்ளைக்காகப் பெற்றோர் உட்கார்ந்து தட்டுவதும், கையெழுத்தைப் போலியாகப் போடுவதும் புரொபேஷன் மீறலாகும். புது வழக்காகவும் ஆகலாம்.

40 மணி, 12 வாரக் கெடு என்றால் வாரம் 4 மணி வைத்து 10 வாரத்தில் முடியுங்கள். மிச்சமுள்ள இரண்டு வாரம் கடிதத்துக்காக. அது லெட்டர்ஹெட்டில், மொத்த மணி, தேதிகள், பொறுப்பாளர் பெயர், பதவி, தொலைபேசி, கையெழுத்தோடு இருக்க வேண்டும். தேர்வோ காய்ச்சலோ வந்து பின்தங்கினால், கெடு முடிவதற்கு முன்பே இதுவரை முடித்த மணிகளின் பதிவேட்டோடு அவகாசம் கேளுங்கள். கெடு தாண்டிய பிறகு கேட்டால் அது ஆணையை மீறியதாகவே பார்க்கப்படும்.

அசலைக் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு மின்னஞ்சல் பதில் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து, மணிகள் முடிந்ததாக வழக்குக் கோப்பில் ஏறிவிட்டதா என்று கிளார்க்கிடமோ வக்கீலிடமோ விசாரியுங்கள்.