நெடும்பயணத்தில் காம்பாக்ட் எஸ்யூவி தரும் மைலேஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காம்பாக்ட் எஸ்யூவி வாங்கியவர்களில் ஒருவர், முதல் நெடும்பயணம் முடிந்து திரும்பியதும் கம்பெனி சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லை என்று வருந்துவார். அதே வண்டியை வைத்திருக்கும் இன்னொருவர் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஓட்டிய வேகமும் கணக்கெடுத்த முறையும் வேறுபட்டால், ஒரே வண்டியில் ஒரே சாலையில் லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் வித்தியாசம் வருவது இயல்புதான். ஆகவே வண்டியைச் சந்தேகித்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போவதற்கு முன், நம் கணக்கையும் வலது காலையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதல் தவறு, சான்றிதழ் எண்ணை நெடுஞ்சாலைக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது. புனேயில் உள்ள வாகன ஆய்வு அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. போன்றவை சான்றளிக்கும் மைலேஜ், ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுக்கப்படுவது. அந்தச் சோதனையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது, ஏசி ஓடாது, பெரும்பகுதி நகரத்தில் நின்று நின்று செல்வதைப் போன்ற ஓட்டம். வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் மிகவும் பயன்படும். ஆனால் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி, ஏசி போட்டு, 110-இல் போகும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. சமவெளியில் 80–85-இல் சீராகச் சென்றால் அந்த எண்ணை நெருங்கலாம், சில நேரம் தாண்டவும் செய்யலாம். 110-இல் அதை எதிர்பார்ப்பதே பிழை.

இதைவிடப் பரவலான தவறு அளவெடுப்பதில் நிகழ்கிறது. 'ரெண்டாயிரத்துக்குப் போடுங்க' என்று தொகைக்கு நிரப்பிவிட்டு, எரிபொருள் முள் எத்தனை கோடு இறங்கியது என்று பார்த்து மைலேஜ் சொல்வது வெறும் ஊகம். டேங்கை ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, பயணம் முடிந்ததும் மீண்டும் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுப்பதே நம்பத்தக்க முறை. அதிலும் கவனம் வேண்டும். நாஸில் தானாக நின்ற பிறகு, பங்க் ஊழியர் 'ரவுண்ட் பண்ணிடவா?' என்று கேட்டு, சில்லறை வராத தொகைக்காக இரண்டு மூன்று முறை அழுத்தி விடுவார். அப்படி முதல் முறை மட்டும் ஒரு லிட்டர் கூடுதலாக ஏறிவிட்டால், அடுத்த முறை ஆட்டோ கட்டில் நிறுத்தும்போது ஒரு லிட்டர் குறைவாகத்தான் பிடிக்கும். 150 கிலோமீட்டர் ஓடி உண்மையில் 9 லிட்டர் செலவான வண்டிக்கு மைலேஜ் 16.7, ஒரு லிட்டர் குறைவாகப் பிடித்தால் அது 18.75 ஆகத் தெரியும், கூடுதலாகப் பிடித்தால் 15 ஆகத் தெரியும். அதே ஒரு லிட்டர் பிழை, 500 கிலோமீட்டர் ஓடி 30 லிட்டர் நிரப்பும்போது மூன்று சதவீத அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் குறுகிய தூரத்துக்குக் கணக்குப் பார்ப்பது வீண் வேலை என்கிறேன். மேலும், ஆட்டோ கட்டுக்குப் பின் வற்புறுத்தி நிரப்பினால், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக்குடுவைக்குள் திரவமே போய் அதைக் கெடுத்துவிடக்கூடும்.

டேஷ்போர்டில் தெரியும் சராசரியை அப்படியே நம்புவதும் சரியல்ல. பல வண்டிகளில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். சில வண்டிகளில் பெட்ரோல் போட்டதும் தானாகவே புதிதாகக் கணக்கைத் தொடங்கும் ஏற்பாடு உள்ளதால், பயணத்தின் கடைசிப் பகுதிக்கான எண்ணை முழுப் பயணத்துக்கானதாகப் படித்துவிடுகிறோம். சராசரி எடுப்பதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. சமவெளியில் 200 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 20-உம், மலையேற்றத்திலும் மலை ஊரைச் சுற்றியதிலும் 200 கிலோமீட்டருக்கு 10-உம் கிடைத்தால், பயணத்தின் மைலேஜ் 15 என்று பலரும் சொல்லிவிடுவார்கள். முதல் பகுதிக்கு 10 லிட்டர், இரண்டாம் பகுதிக்கு 20 லிட்டர், மொத்தம் 30 லிட்டரில் 400 கிலோமீட்டர். ஆக உண்மையான மைலேஜ் 13.3 மட்டுமே.

கணக்கு நேரான பிறகு மிஞ்சி நிற்கும் பெரிய காரணம் வேகம். அதைச் சிறு விஷயமாக நினைப்பதுதான் இவ்வகை வண்டிகளில் மிகுந்த செலவு வைக்கும் தவறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 90-இலிருந்து 110-க்குப் போகும்போது வேகம் 22 சதவீதம்தான் கூடுகிறது, எதிர்ப்போ கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடிவிடுகிறது. செடானுக்கும் இந்த விதி பொருந்தும் என்றாலும், உயரமாக, நெற்றி அகன்று நிற்கும் எஸ்யூவிக்கு அடி பலமாக விழுகிறது. ஹூண்டாயின் வெர்னா செடானும் கிரெட்டாவும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பகிர்ந்துகொள்பவை; மேனுவல் கியர் வகையில் வெர்னாவின் சான்றிதழ் எண் 18.6, 2024-இல் வந்த கிரெட்டாவுக்கு 17.4. உச்ச வேகம் 90-ஐத் தாண்டாத சோதனையிலேயே இந்த இடைவெளி என்றால், அதற்கு மேல் அது விரிவதில் வியப்பில்லை. 400 கிலோமீட்டர் திறந்த சாலையை 90-இல் கடப்பதற்கும் 110-இல் கடப்பதற்கும் தாளில் 48 நிமிடம் வித்தியாசம் வரும். சுங்கச்சாவடி, ஊர்களின் வேகத்தடை, மேம்பாலப் பணிக்கான மாற்றுப்பாதை எல்லாம் சேர்ந்து அதில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். எரித்த பெட்ரோல் மட்டும் திரும்பி வராது.

காற்றே எதிரே வீசினால் இது இன்னும் கூடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வள்ளியூரிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுக்குள் முகம் கொடுத்துப் போகிறார்கள். எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால், 90-இல் போகும் வண்டி 120-க்கு உரிய காற்றெதிர்ப்பைச் சந்திக்கும். உடுமலை, பொள்ளாச்சி வழியே பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போகும்போதும் அப்படித்தான். ஆகவே போகும் வழி மைலேஜை மட்டும் பார்த்து வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறக் கூடாது. போய்த் திரும்பும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கூரை மேல் கேரியர் கட்டிச் செல்வதும் இதே கணக்கில் சேரும். முகப்பு மழுங்கலான பெரிய கூரைப் பெட்டி, மணிக்கு ஏறத்தாழ 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அதே சாமான்களை உள்ளே டிக்கியில் அடுக்கினால் இழப்பு மிகக் குறைவு. 45 கிலோ கூடுதல் எடைக்கு ஒரு சதவீத அளவுதான் என்பதும் அதே துறையின் கணக்கு. ஊருக்குப் போகாத நாளிலும் வெற்றுக் கேரியரைக் கழற்றாமல் ஓட்டுகிறவர்கள், அது இல்லாமல் ஒரு டேங்க் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முன்னே செல்லும் பேருந்தை நெருங்கியதும் பிரேக், இடம் கிடைத்ததும் முழு அழுத்து என்று ஓட்டுவதன் விலையையும் எண்ணில் சொல்லிவிடலாம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி 60-க்கு இறங்கி மீண்டும் 100-ஐ எட்ட, சாலையின் மற்ற எதிர்ப்புகளை விட்டுவிட்டாலும், சுமார் 40 மில்லி பெட்ரோல் தேவைப்படும். இப்படி 25 முறை செய்தால் ஒரு லிட்டர் போய்விடும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ பொருத்திய, ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின்களில் இது மேலும் உறைக்கும். மெதுவாக ஓட்டும்போது சிக்கனமாக இருக்கும் அந்தச் சிறு எஞ்சின்கள், டர்போ முழுதாகச் சுழன்று இழுக்கும்போது பெரிய எஞ்சினுக்கு நிகராகக் குடிக்கும். அதற்காக லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றெதிர்ப்பைத் தவிர்க்கலாம் என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது; தூரத்திலேயே கவனித்து, காலை முன்கூட்டியே எடுப்பது போதும்.

டயர் அழுத்தத்தைப் பொறுத்தவரை, ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியுள்ள தாளில் முழுச் சுமைக்குத் தனி அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடி டயர் சூடான பிறகு பார்த்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடக் கூடாது. நெடுஞ்சாலை வேகத்தில் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குவதும் பெரிய சேமிப்பாகாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் மறந்துவிடக் கூடாது: எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால், அதன் ஒரு லிட்டரில் கலப்பில்லாத பெட்ரோலைவிட சுமார் 7 சதவீதம் குறைவான ஆற்றலே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதே வண்டி தந்த மைலேஜோடு இன்றையதை ஒப்பிடுகிறவர்கள், இதைக் கழித்துவிட்டே பேச வேண்டும்.

மலையிறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மைலேஜுக்கும் உதவாது, ஆபத்தும் கூட. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஐடிலிங் அளவை நெருங்கும் வரை எரிபொருள் முற்றிலும் நிறுத்தப்படும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கவே தொடர்ந்து பெட்ரோல் செலவாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிமானம் தளரும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் வழக்கம், ஒரு சொட்டுப் பெட்ரோலையும் வீணாக்காத வழியும் ஆகும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் மேனுவல் நிலைக்கோ, தாழ்ந்த கியருக்கான எல் நிலைக்கோ மாற்றிக்கொண்டால் அதே பலன் கிடைக்கும்.