ரேலி காரின் பின்னால் யார்? கதவு ஸ்டிக்கரைத் தாண்டிப் பார்ப்பது எப்படி

கோலாலம்பூரில் ரேலிப் பேச்சு எடுத்தால், பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையானாலும் சரி, செந்தூல் ஒர்க்‌ஷாப்பானாலும் சரி, யாராவது ஒருத்தர் "அது ஃபேக்டரி கார் மச்சான்" என்று சொல்லிவிடுவார், அப்புறம் தே தாரிக் ஆறிப்போகும் வரை வாக்குவாதம்தான். கம்பெனியே இறக்கிய கார், கம்பெனி உதவியோடு வேறொரு அணி ஓட்டும் கார், சொந்தக் காசில் வாங்கிக் கம்பெனி பெயரை ஒட்டிக்கொண்ட கார் என்று மூன்று வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: காரைக் கட்டியது யார், செலவு யாருடையது, பந்தயத்தன்று அதைக் கழற்றி மாட்டுவது யார்.

நம்ம நாட்டுக் கதையிலேயே பழகிப் பார்க்கலாம். 2002இல் கரம்ஜித் சிங், கோ-டிரைவர் அலன் ஓவுடன் உலக புரொடக்‌ஷன் ரேலிப் பட்டத்தை வென்றாரே, அந்தக் காரின் பெயர் புரோட்டான் பெர்ட். உள்ளே இருந்தது மிட்சுபிஷி லான்சர் எவோ. பின்னால் நின்ற பெயர்கள் பெட்ரோனாசும், புரோட்டான் கார்களை விற்ற இயோனும். 2011இல் அலிஸ்டர் மெக்ரே ஆசிய-பசிபிக் ரேலிப் பட்டம் வாங்கிய சத்ரியா நியோ எஸ்2000 (எஸ்2000, ஆர்5 எல்லாம் ரேலி கார் வகுப்புகளின் பெயர்) நிஜமாகவே புரோட்டான்தான், ஆனால் அதை உருவாக்கியது இங்கிலாந்தின் மெல்லர்ஸ் எலியட் மோட்டார்ஸ்போர்ட். பிறகு வந்த ஐரிஸ் ஆர்5-ம் அவர்கள் கைவேலையே. இரண்டு வெற்றியிலும் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் இரண்டையும் "ஃபேக்டரி கார்" என்று ஒரே பெட்டியில் போட்டால் கணக்கு உதைக்கும்.

சரி, வேலையை என்ட்ரி லிஸ்டிலிருந்து, அதாவது பங்கேற்பவர்கள் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்திலேயே என்ட்ரண்ட் (காரைப் போட்டிக்குப் பதிவு செய்தவர்) என்று ஒரு கட்டம் இருக்கும், பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. அதில் ஓட்டுநரின் சொந்தப் பெயரே இருந்தால், பெரும்பாலும் அவர் காசு அல்லது அவர் பிடித்த ஸ்பான்சர் காசு. விநியோகஸ்தரின் பெயர் இருந்தால் அது உள்ளூர்ப் பணம். சுபாருவை நம்ம பக்கம் விற்கும் மோட்டார் இமேஜின் பெயரில்தான் கோடி குரோக்கர் ஆசிய-பசிபிக்கில் ஓட்டினார், 2006 முதல் 2009 வரை வரிசையாகப் பட்டம். டயர் கம்பெனி பெயர் வந்தால் இன்னும் சுவாரசியம். நம்ம சென்னை எம்ஆர்எஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஸ்கோடா ஃபேபியா, அணியின் பெயர் டீம் எம்ஆர்எஃப், காரைப் பராமரித்தது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் ரேஸ் டார்க். 2013இல் கௌரவ் கில் பட்டம் வென்றார், 2014இல் யான் கோபெட்ஸ்கி, 2015இல் பொன்டஸ் டிடேமண்ட். பின்னவர்கள் இருவரும் ஸ்கோடாவின் ஆட்கள். கம்பெனி தன் ஓட்டுநரையே அடுத்தவர் காரில் உட்கார வைக்கிறது என்றால், அது வெறும் வாடிக்கையாளர் உறவில்லை. என் கணக்கில் ஸ்டிக்கரைவிட நூறு மடங்கு உறுதியான சாட்சி இதுதான்.

அடுத்து காரின் வகுப்பு. ரேலி2, அதாவது பழைய ஆர்5, காசுள்ள யாரும் வாங்குவதற்கென்றே வந்த வகுப்பு: 1600 சிசி டர்போ, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் 32 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர், குறைந்தபட்ச எடை 1230 கிலோ. 2013இல் ஆரம்பித்தபோது விலை உச்சவரம்பு 180,000 யூரோ, இன்றைக்கு நம்ம வெள்ளியில் எட்டு லட்சத்துக்கு மேல். பல் டாக்டர் வாங்கினாலும் அதே கார், உலகச் சாம்பியன் வாங்கினாலும் அதே கார். ஆகவே ரேலி2 என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். ஜோக்கர் என்று சொல்லும் மேம்படுத்திய பாகங்கள் யாரிடம் முதலில் வருகின்றன என்று பாருங்கள். அதைவிடத் தெளிவான அடையாளம், இன்னும் விற்பனைக்கே வராத கார் தேசியப் போட்டியில் ஓடுவது. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் ரேலி2-க்கு ஹோமோலகேஷன், அதாவது சர்வதேசப் போட்டிக்கான அதிகாரப்பூர்வ ஒப்புதல், கிடைத்தது 2024 ஜனவரியில். ஆனால் 2023லேயே ஜப்பான் தேசியப் போட்டியில் நோரிஹிகோ கட்சுதா அதன் முன்மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே தேசியப் போட்டியே தொழிற்சாலையின் சோதனைச் சாலை.

கம்பெனியின் உள்நாட்டுக் கிளையையும் தொழிற்சாலையையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஹாரி பேட்ஸ் 2019இல் சாம்பியன் ஆன யாரிஸ் ஏபி4 (ஆசிய-பசிபிக் வட்டாரத்து வகுப்பு), கான்பராவில் அவர் அப்பா நீல் பேட்ஸின் பட்டறையில் கட்டியது. டொயோட்டா ஆஸ்திரேலியாவின் ஆதரவு இருந்தது. ஆனால் உலக ரேலி யாரிஸுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு குறைவு.

இனி சர்வீஸ் பார்க், பந்தயத்தின் நடுவே கார்களைப் பழுதுபார்க்கும் இடம். செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் கால் வைக்கத் தயார் என்றால் கூடாரத்தின் முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். முழு கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், நாலு மூலைக்கும் பூட்டித் தயாராக வைத்த சஸ்பென்ஷன், எல்லாம் லேபிள் ஒட்டி அடுக்கியிருக்கிறதா? கார் வந்து ஜாக்கில் ஏறியதும் யார் முதலில் உள்ளே தலையை நீட்டுகிறார், ஸ்பானர்காரரா, லேப்டாப்காரரா? கம்பெனி இன்ஜினியர் வந்திருந்தால் அவர் ஒரே கூடாரத்தில் நிற்கிறாரா, எல்லா ஸ்கோடாவையும் ஒரு சுற்று வந்து போகிறாரா என்று கவனியுங்கள். சுற்றி வருகிறவர் வாடிக்கையாளர் சேவை. அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டவர் வேறு கதை. பெரிய ரேலிகளில் கம்பெனியின் உதிரிபாக லாரியும் நிற்கும். பம்பருக்கு இன்வாய்ஸ் எழுதி வாங்குகிறவர் வாடிக்கையாளர், கையெழுத்து மட்டும் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறவர் வீட்டு மாப்பிள்ளை.

மெக்கானிக்கிடம் பேச நேரம் பார்த்துப் போங்கள், கார் உள்ளே இருக்கும் அந்த 20, 30 நிமிடத்தில் வாயைத் திறக்காதீர்கள். கார் கிளம்பிய பிறகு அண்ணன் ஒரு சிகரெட்டுக்கு ஒதுங்குவார், அப்போது கேளுங்கள். "ஃபேக்டரி சப்போர்ட் இருக்காண்ணே?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பாகத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைத்தால்கூட அதுவும் சப்போர்ட்தானே. "கியர்பாக்ஸ் ஓவர்ஹால் எங்கேண்ணே பண்றீங்க?" என்று கேளுங்கள். வேலை யார் பட்டறையில் நடக்கிறது என்று பதிலில் தெரிந்துவிடும். அப்படியே, சீசன் முடிந்ததும் கார் எங்கே போகும் என்றும். "தவுக்கே வித்துடுவார்" என்றால் கார் தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. "கப்பல்ல திரும்பிப் போகும்" என்றால் வாடகைக் காராகவும் இருக்கலாம், கம்பெனி காராகவும் இருக்கலாம். அப்போது ஒரு பந்தயத்துக்கு வந்ததா, முழு சீசனுக்கா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஒரு பந்தயத்துக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வாடகைதான்.