பினாங்கில் வேலை செய்யாத ஏடிஎம் கார்டு

பாளையங்கோட்டையில் நன்றாக ஓடிய ஏடிஎம் கார்டு, மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் போன இடமெல்லாம் கைவிரித்துவிட்டது. புது கார்டு அது. 2020 மார்ச் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகவோ மாற்றியோ தரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும், நாம்தான் திறக்க வேண்டும்; தபாலில் அனுப்பிய வங்கி இதைச் சொல்லவே இல்லை.

கையில் காசு கொஞ்சம்தான், போனில் நெட்டும் கிடையாது. சூலியா தெருப் பக்கம் ஒரு நாசி கண்டார் (சோறும் குழம்பும் விற்கும்) கடையில் நின்று விலைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்த பெரியவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். திருநெல்வேலி என்றதும், "எங்க வாப்பா கடையநல்லூர்லா!" என்று எழுந்தே வந்துவிட்டார் (கடையநல்லூர், தென்காசியிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் அங்கே நிறைய). சோறு போட்டு, வைஃபை கடவுச்சொல்லும் தந்தார்.

அப்புறம் சுலபம். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்தேன். என் ஆப்பில் ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனி பொத்தான். பணம் எடுக்கும் வரம்பு பூஜ்யமாக இருந்தது, அதையும் ஏற்றிய பிறகுதான் பணம் வந்தது. ஓடிபி கேட்கும் வங்கியென்றால் ரோமிங் இல்லாமல் குறுஞ்செய்தி வராது, ஊரிலேயே முடித்துவிடுங்கள். இன்னொன்று, இயந்திரம் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் பகல் கொள்ளை.