இ.பி. பில்லை வைத்து கார்பன் கணக்கு: எங்கெங்கே பிசகுகிறது

வீட்டில் ஓடும் மின்சாரத்தாலும் எரியும் கேஸாலும் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று கார்பன் கணக்கு எழுத உட்காருபவர்கள் முதலில் குறித்துக்கொள்வது பில் தொகையை. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். அதே வீட்டில் 510 யூனிட் ஓடியிருந்தால் 2,030 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதிக் கட்டணச் சலுகை போய்விடும். கூடுதல் பத்து யூனிட்டுக்குத் தலா 8 ரூபாயும் சேரும். தொகை 18 சதவீதம் கூடியிருக்கிறது, மின்சாரமோ 2 சதவீதம்தான். அந்தப் பத்து யூனிட்டால் வரும் கரியமில வாயு, யூனிட்டுக்கு 0.727 கிலோ வீதம் (இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்), ஏழு கிலோ சொச்சம்.

கட்டணமும் இடையிடையே மாறும். 2024 ஜூலையில் உயர்ந்தபோது, பயன்பாடு கொஞ்சமும் மாறாத வீடுகளிலும் தொகை ஏறியது. கூடுதல் வைப்புத்தொகை, பழைய பாக்கி, தாமதக் கட்டணம் என்று மின்சாரத்தோடு சம்பந்தமில்லாதவையும் சில பில்களில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் ரூபாய்க்குத் தனிப் பத்தி போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். கார்பன் கணக்குக்கு யூனிட் மட்டும் போதும்.

யூனிட்டைக் குறிக்கும்போதும் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதைக் கழித்துவிட்டு, காசு கட்டிய யூனிட்டை மட்டும் எழுதுவார்கள். இலவசமாக வந்தாலும் பெரும்பாலும் அனல் நிலையத்தில் நிலக்கரி எரிந்துதான் அந்த மின்சாரம் வருகிறது. 100 யூனிட்டை விட்டுவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் 73 கிலோ, வருடத்துக்கு 436 கிலோ கணக்கில் வராமல் போகும். ஒரே வீட்டில் மாடிக்கொன்று, கீழ்த்தளத்துக்கொன்று என இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவை ஓடும் பொது இணைப்பின் யூனிட்டையும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பராமரிப்புச் சங்கத்திடம் தொகையைக் கேட்காமல் யூனிட்டைக் கேளுங்கள். ஜெனரேட்டர் டீசலைத் தனியாகக் கேட்க வேண்டும்: ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு.

நாட்களால் வகுக்காமல் ஒப்பிடுவது

இரண்டு மாத பில் என்றால் 60 நாள் என்று எடுத்துக்கொள்கிறோம். ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதி முன்பின் ஆகும். ஒரு முறை 56 நாள், அடுத்த முறை 65 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 7 யூனிட் செலவாகும் வீட்டில் முதல் பில் 392 யூனிட், அடுத்தது 455. எதுவுமே மாறாத வீட்டில் 16 சதவீதம் கூடியதுபோல் தோன்றும். ரீடிங் எடுத்த தேதி இரண்டையும் எழுதி, இடைப்பட்ட நாட்களால் வகுத்து, நாளொன்றுக்கு எத்தனை யூனிட் என்று வையுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

கதவு பூட்டியிருந்து ரீடிங் எடுக்க முடியாத மாதத்தில் முந்தைய பயன்பாட்டை வைத்து உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். அடுத்த பில்லில் அது சரிசெய்யப்படும். அந்த இரண்டு பில்லையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பொய் சொல்லும். சேர்த்துக் கூட்டி, மொத்த நாட்களால் வகுத்தால் உண்மை வரும். 2020 பொதுமுடக்கக் காலத்துப் பில்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அப்போது பல வீடுகளுக்கு முந்தைய பில் தொகையையே கட்டச் சொல்லிவிட்டு, பின்னர் நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்தார்கள். பழைய பில்களை எடுத்து அடிப்படை ஆண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அந்த வருடத்தைத் தவிர்ப்பது நல்லது.

இதற்கெல்லாம் எளிய வழி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் மீட்டரை நீங்களே பார்த்து எழுதுவது. டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ், உச்சபட்ச லோடு, யூனிட் எல்லாம் மாறி மாறி ஓடும். ஓரத்தில் ‘கே.டபிள்யூ.ஹெச்.’ என்று காட்டும் எண்தான் வேண்டியது. அவசரத்தில் பக்கத்து எண்ணை எழுதிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. செல்போனில் படம் எடுத்துவைத்தால் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பிடுவது எந்த மாதத்தோடு என்பதும் முக்கியம். மே, ஜூன் பில்லை மார்ச், ஏப்ரல் பில்லோடு வைத்துப் பார்த்தால் தெரியப்போவது வெயில் மட்டுமே. போன வருட மே, ஜூனோடு பாருங்கள். ஊரிலிருந்து யாராவது வந்து ஒரு மாதம் தங்கியிருந்தால், வீட்டில் குழந்தை பிறந்திருந்தால், வேலை வீட்டிலிருந்தே என்று மாறியிருந்தால் அதையும் ஓரத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எண்ணைப் பார்க்கும்போது காரணம் நினைவிருக்காது.

எந்தக் காரணியால் பெருக்குவது

மொத்தக் கணக்கையும் கவிழ்க்கும் பிழை இங்கேதான் இருக்கிறது. யூனிட்டைக் கரியமில வாயுவாக மாற்ற ஒரு பெருக்கல் காரணி வேண்டும். செல்போன் செயலிகள் பலவும் வெளிநாட்டில் எழுதப்பட்டவை. பிரிட்டன் அரசு 2024-க்கு வெளியிட்ட காரணி யூனிட்டுக்கு 0.207 கிலோ. இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் 2023-24-க்கு வெளியிட்ட சராசரி 0.727 கிலோ. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்குப் பிரிட்டன் காரணி 41 கிலோ என்று சொல்லும். நம் மின்தொகுப்பில், அதாவது எல்லா மின்நிலையங்களையும் இணைக்கும் கம்பி வலையில், அது 145 கிலோ. மூன்றரை மடங்கு வித்தியாசம். செயலியின் அமைப்பில் நாடு இந்தியா என்று இருக்கிறதா, எந்த ஆண்டுக் காரணி என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். காட்டாவிட்டால் அதை விட்டுவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்களே பெருக்குவது மேல்.

தமிழ்நாட்டில்தான் இத்தனை காற்றாலைகள் இருக்கின்றனவே, நமக்கு இன்னும் குறைவான காரணி போடக் கூடாதா என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் உயர்அழுத்தத் தடம் வழியாகத் தென்னக மின்தொகுப்பு மற்ற பகுதிகளோடு இணைந்த பிறகு நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. ஆரல்வாய்மொழியில் சுற்றும் காற்றாலையின் மின்சாரமும் ஒடிசா நிலக்கரியின் மின்சாரமும் அதில் கலந்தே வருகின்றன. ஆணையமும் முழு நாட்டுக்கும் ஒரே சராசரி எண்ணைத்தான் தருகிறது. அதை மாநிலக் கணக்காகக் குறைத்துக்கொள்வது, பக்கத்து மாநிலத்துக்காரர் தலையில் நம் புகையை ஏற்றுவதாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 0.727 மின்நிலையத்தின் வாசலில் அளந்தது. வழியில் கம்பிகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் இழப்பாகும் மின்சாரத்துக்கும் எரிபொருள் எரிந்திருக்கிறது. இழப்பு 10 சதவீதம் என்று வைத்தால் 0.727-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். வீட்டு மீட்டரில் பதிவாகும் ஒரு யூனிட்டுக்கு 0.81 கிலோ வரும். இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் இதுவும் மறு வருடம் அதுவுமாக மாற்றாமல் இருந்தால் போதும். ஆணையம் ஆண்டுதோறும் புது எண் வெளியிடுவதால், உங்கள் பழக்கம் மாறியிருக்கிறதா என்று பார்க்க யூனிட்டைப் பாருங்கள். காரணி இறங்கியதால் கிடைத்த குறைவை உங்கள் சேமிப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

கேஸ் சிலிண்டர்

கேஸ் பில்லில் இருக்கும் தேதி சிலிண்டர் வந்த நாள். அது அடுப்பில் ஏறுவது ஒரு மாதம் கழித்தாக இருக்கலாம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் ஒரு ஸ்பேர் நிற்கும். பில் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மாதம் இரண்டு சிலிண்டர், அடுத்த மாதம் ஒன்றுமில்லை என்று எகிறும். ரெகுலேட்டர் மாட்டிய அன்றே சிலிண்டர் மேல் சாக்பீஸால் தேதி எழுதிவிடுங்கள். மாட்டிய நாளுக்கும் அடுத்ததை மாட்டிய நாளுக்கும் இடைவெளி 45 நாள் என்றால், 14.2 கிலோவை 45-ஆல் வகுத்து தினம் 316 கிராம் என்று வரும்.

ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் 2.98 கிலோ கரியமில வாயு. முழுச் சிலிண்டருக்கு 42 கிலோ. வெளிநாட்டுக் கணக்கீட்டுப் பக்கங்கள் எல்.பி.ஜி.யை லிட்டரில் கேட்கும். அங்கே 14.2 என்று தட்டினால் விடை பாதியாகிவிடும், 14.2 கிலோ என்பது ஏறத்தாழ 26 லிட்டர். சிலிண்டரின் மொத்த எடையைப் போடுகிறவர்களும் உண்டு. இரும்பின் எடை அதன் மேற்பகுதியில் எழுதியிருக்கும், அதைக் கழிக்க வேண்டும். குழாய் வழி கேஸ் வரும் வீடுகளில் பில் கன மீட்டரில் இருக்கும். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 கிலோ.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறியவர்கள் கேஸ் பில்லை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். ஒரு சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 186 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்றால் 112 யூனிட். அதே வேலையை 85 சதவீதத் திறனுள்ள இண்டக்‌ஷன் செய்ய 131 யூனிட் இழுக்கும். 0.727 காரணியில் அது 95 கிலோ. சிலிண்டர் எரிந்தால் 42 கிலோதான். கேஸை எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும்போது வெளியாகும் கார்பன் இதில் இல்லை. இருந்தாலும், மின்தொகுப்பு மின்சாரத்தில் சமைத்தால் இப்போதைக்குக் கார்பன் குறையாது. மாடியில் சோலார் இருந்து, பகலில் சமைத்தால் கணக்கு தலைகீழாகும்.

சோலார் வைத்த வீடு

சோலார் வீட்டில் உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் அளப்பது நெட் மீட்டர். அதன் பில்லில் ‘கட்ட வேண்டிய யூனிட்’ பூஜ்யம் என்று வந்ததும், வீட்டின் நுகர்வும் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். பகலில் பேனலில் இருந்து நேராக வீட்டுக்குள் போன மின்சாரம் அந்த மீட்டரைத் தொடுவதே இல்லை. மூன்று எண் வேண்டும்: சோலார் இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தி, மீட்டரின் ஏற்றுமதி, மீட்டரின் இறக்குமதி. உற்பத்தி 600, ஏற்றுமதி 350, இறக்குமதி 180 என்றால், வீடு செலவழித்தது 600-இல் 350 போக 250, அதோடு 180 சேர்த்து 430 யூனிட். கார்பன் பத்தியில் 180 யூனிட்டுக்கான 131 கிலோவை எழுதுங்கள். வெளியே அனுப்பிய 350 யூனிட்டைத் தனிப் பத்தியில் வையுங்கள். இரண்டையும் கழித்து மைனஸ் எண்ணாக்கினால், அந்தக் குஷியில் ஏ.சி. கூடுதலாக ஓடுவது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

பேட்டரி இன்வெர்ட்டர், மின்சார ஸ்கூட்டர் இரண்டும் வீட்டு மீட்டரில் இருந்தே சார்ஜ் ஆகின்றன. அவற்றுக்குத் தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டினால் இரட்டைப் பதிவு.

எந்தச் சாதனம் என்று ஊகிப்பது

பில் கூடியதும் பழி ஃப்ரிட்ஜ் மேல் விழும், அல்லது ஏ.சி. மேல். ஏ.சி.யின் ஸ்டார் லேபிளில் இருக்கும் வருடாந்திர யூனிட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் என்று வைத்துப் போட்ட கணக்கு. சென்னையில் தினம் 8 மணி நேரம் வீதம் எட்டு மாதம் ஓட்டினாலே 1,900 மணியைத் தாண்டும்.

ஊகத்தை விட மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு நம்பகமானது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், உதாரணமாக 3,200. ஒரு நிமிடத்தில் எண்ணிய மினுக்கலை 60,000-ஆல் பெருக்கி, அந்த 3,200-ஆல் வகுத்தால் அப்போது ஓடும் வாட் கிடைக்கும். நிமிடத்துக்கு 32 என்றால் 600 வாட். சந்தேகப்படும் சாதனத்தை நிறுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஃப்ரிட்ஜைச் சோதிக்கும்போது அதன் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓய்ந்திருக்கும் நேரத்தில் எண்ணினால் ஃப்ரிட்ஜ் ஒன்றுமே இழுக்கவில்லை என்ற தப்பான முடிவுக்கு வருவீர்கள்.